அடுத்து

சென்ற கூட்டத்தில் நான்தான் அவளுக்குப் பொத்தான்.
மடிக்கணினி பக்கத்தில் உட்கார்ந்து
கோமளவல்லி "அடுத்து" என்னும்போதெல்லாம்
ஒரு தட்டு.
பதினான்கு படம், பதினான்கு "அடுத்து".
நடுவில் யாரிடமோ
"அடுத்த வாரம் வாங்க" என்றாள்.
லாரி வருமுன்பே
டயர் தடத்தைக் காட்டிவிட்டேன்.
மண்டபம் சிரித்தது.
வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில்
அவள் என் தோளைப் பிடிக்கவில்லை.

கேட்பது பெரிதில்லை.
ஊத்தான் மெலிந்தாங்கில், பள்ளிக்கூட வாசலில்,
ஒரு வேகத்தடை.
ஆலைக்குப் போகும் செம்பனை லாரிகளுக்கு
மணியடித்தாலும் கேட்காது.
மார்ச் மாதம் ஒரு குலை உருண்டு வந்து
பாலர் வகுப்பு வாசலில் நின்றது,
சேர வந்த பிள்ளைபோல.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
அதே சீருடையில் நின்று
அத்தனை படமும் எடுத்தவள் அவள்.

வயர்மேன் நான்.
வயரில்லாத சுட்டி ஒன்றை
பாசார் மாலாமில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கினேன்.
முதுகைத் திறந்தேன்.
வயிற்றுச் சிவப்பு விளக்குக்குக் கறுப்பு டேப்,
கை ஆடினால் அம்புக்குறி
திரையெங்கும் ஈயாய்ப் பறக்காதிருக்க.
இடது பொத்தானின் காலில் இரண்டு கம்பி,
மறுமுனையில்
யார் வீட்டு வேலையிலோ மிஞ்சிய காலிங்பெல் சுவிட்ச்.
எல்லாம் மகளின் ரோஸ் நிறச் சோப்பு டப்பாவுக்குள்.
அழுத்தினேன்.
கூடத்துச் சுவரில் லாரி வந்தது.

பின்னால் போக வலது பொத்தான்.
அதில் ஈயக்கோல் ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டது.
செம்புத் தடம்
முட்டையோட்டின் உள்தோல்போல் சுருண்டு வந்தது.
மணி இரண்டு. ஒன்பதுக்குக் கூட்டம்.
இரண்டாவது சுவிட்சையும் ஒட்டி வைத்தேன்,
பார்வைக்கு.
அவளிடம் சொல்லவில்லை.

மேடையில் அன்று அவள் நடந்தாள்.
சோப்பு டப்பாவோடு இந்த ஓரம், அந்த ஓரம்.
மலாயில் பேசினாள், எண்கள் தடுக்கவில்லை.
மூன்றாம் வரிசையில் எனக்கு வேலையில்லை.
விரல் மட்டும் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்து நாற்காலியில் சவரிமுத்து.
நான்காம் படத்தில் லாரியிலிருந்து
கேமராவுக்குக் கையசைப்பவர் அவர்தான்.
நடைக்கு இவ்வளவு என்று கூலி,
இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை.
தன்னைத் திரையில் கண்டதும்
என் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ஒன்பதாம் படத்தில் நகராண்மை அதிகாரி கை தூக்கினார்.
"காம்பார் தாடி."
முன்னே காட்டிய படம்.
தாடி என்றதும் பிள்ளைகள் களுக்கென்றார்கள்.
அவள் இரண்டாவது சுவிட்சை அழுத்தினாள்.
மறுபடி அழுத்தினாள்,
ஆளில்லாத வீட்டு வாசலில் நிற்பவள்போல.
என்னைப் பார்த்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிறகு முதல் சுவிட்ச்.
பத்து. பதினொன்று.
கடைசிப் படம் முடிந்தால்
முதலிலிருந்து சுழலும்படி வைத்திருந்தேன்.
இந்த முறை பேச்சில்லை,
டக், டக் என்று அழைப்புமணிப் பொத்தான் மட்டும்.
சாப்பாட்டுத் தட்டில் தூசி.
தேவலீனாவின் ஒற்றைக் காலணி.
இருட்டுத் திரை.
பள்ளிப் பெயர்.
காலை வெயிலில் வரிசை.
வளைவு.
லாரி. கையசைக்கும் கை.
சவரிமுத்து இம்முறை சிரிக்கவில்லை.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்.

"ஸ்டோப்" என்றார் அதிகாரி.
கைப்பேசியில் அதைப் படமெடுத்தார்.
கடிதம் வரும் என்றார்.
எப்போது என்று நான்கு பேர் கேட்டார்கள்.
மீஹூன் பரிமாறினார்கள்.

திரும்பும்போதும் அவள் தோளைப் பிடிக்கவில்லை.
மடியில் டப்பா இருந்தது.
முச்சந்தியில் குலை ஏற்றிய லாரி ஒன்று
எங்களை உரசிக்கொண்டு முந்தியது.
ஓரமாய் ஒதுங்கினேன். தூசி அடங்கவில்லை.
முதுகுக்குப் பின்னால்
டக் என்று ஒரு சத்தம்.
எந்தச் சுவிட்ச் என்று
நான் கேட்கவில்லை.